குழம்பு மறைக்கும், கரியடுப்பு மறைக்காது

பண்ணைக் குட்டையிலோ ஊர்க் குளத்திலோ மீன் வளர்க்கும் சிறு விவசாயி ஏறக்குறைய பத்து மாதம் பாடுபடுகிறார். குட்டையைக் காயவிட்டுச் சுண்ணாம்பு இடுகிறார். சாணம் கரைத்து ஊற்றுகிறார். விரலிகளை விலைக்கு வாங்கி விடுகிறார். நாள்தோறும் தவிடும் பிண்ணாக்கும் பிசைந்து போடுகிறார். நாரையையும் திருடனையும் விரட்டுகிறார். இத்தனை பாடும் வலை இழுக்கும் ஒரே நாளில், அதிலும் ஓரிரு மணி நேரத்தில், காசாகவோ நட்டமாகவோ மாறிவிடுகிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை பல குட்டைக் கரைகளில் நடக்கிறது.

மீன் வளர்ப்பதைப் பற்றி விவசாயிகளுக்கு நிறையவே சொல்லப்பட்டுள்ளது. ஒடிசாவின் அங்குல் என்னும் இடத்தில் 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரியும் அவருடன் பணியாற்றியவர்களும் ஊசி மருந்து செலுத்திப் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்தனர். அந்த நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதன் பிறகு மேல்மட்ட நீரில் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிருகால் என்று கூட்டாக வளர்க்கும் முறை பரவியது. எத்தனை குஞ்சு விடவேண்டும், எவ்வளவு தீனி இடவேண்டும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகூட இன்று சொல்லும். ஆனால் வளர்ந்த மீன் நல்ல மீன்தானா என்று விற்பதற்கு முன் சோதிக்கும் பழக்கம் மட்டும் வரவில்லை.

அந்தச் சோதனைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு மீன், ஒரு பிடி உப்பு, கொஞ்சம் அடுப்புக்கரி, ஒரு கம்பி வலை போதும். மீன் வளர்ப்பவர் ஒவ்வொருவரும் அறுவடைக்கு முன் தம் மீனை உப்பு மட்டும் தடவிச் சுட்டுத் தின்று பார்க்க வேண்டும். சுட்டால் சுவைக்காத மீனை விற்பனைக்கு எடுக்கக் கூடாது. சுண்ணாம்பு இடுவதும் தீனி வைப்பதும் எப்படிச் சாகுபடி முறையில் சேர்ந்தவையோ, அப்படியே இதுவும் சேர வேண்டும்.

சுட்டுப் பார்ப்பது ஏன்?

நம் வீடுகளில் குளத்து மீன் பெரும்பாலும் குழம்பாகிறது. புளி, மிளகாய், மல்லி, பூண்டு, வெந்தயம் எல்லாம் சேர்ந்து கொதிக்கும்போது மீனின் சிறு குறைகள் அடங்கிவிடும். ஓரளவு பழைய மீனும் குழம்பில் ஒப்பேறிவிடும். அதனால் மீன் வளர்த்தவருக்குத் தம் மீனின் உண்மையான சுவை தெரியாமலே போகிறது.

கரியடுப்பு அப்படியல்ல. சுடும்போது மீனின் சொந்தச் சாறும் கொழுப்புமே சுவையைத் தருகின்றன. மண்வாடை இருந்தால் முதல் வாயிலேயே தெரியும். சதை தளர்ந்த மீன் கம்பியில் ஒட்டிப் பிய்ந்து போகும். தீனி நிறைந்த வயிற்றோடு பிடித்து வெயிலில் கிடந்த மீனாக இருந்தால் வயிற்றுப் பக்கம் உடைந்து கசியும். ஆகவே சுட்ட மீன் என்பது உணவு மட்டுமல்ல, குட்டையின் நிலையைக் காட்டும் கண்ணாடியும் ஆகும்.

இன்னொரு காரணமும் உண்டு. நகரங்களிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் முழு மீனைக் கரியில் சுட்டுத் தரும் உணவகங்கள் பெருகிவிட்டன. அங்கே மீன் வாங்குபவர் மசாலாவை நம்பி வாங்குவதில்லை, மீனை நம்பியே வாங்குகிறார். அத்தகைய வாடிக்கையாளரைப் பிடிக்க விரும்பும் விவசாயி, அவர் சோதிக்கும் முறையிலேயே தம் மீனை முன்கூட்டிச் சோதித்துக்கொள்வது நல்லது.

இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் குளங்களில் கெளுத்தி மீன் பெருமளவில் வளர்க்கப்படுகிறது. அங்கே மீனை வாங்கும் ஆலைகள் அறுவடைக்கு முன் குளத்திலிருந்து மாதிரி மீனை வரவழைத்து, மசாலா எதுவும் சேர்க்காமல் வேகவைத்துச் சுவை பார்க்கின்றன. மண்வாடை இருந்தால் அந்தக் குளத்தை அறுவடை செய்ய விடுவதில்லை. வாடை நீங்கும்வரை விவசாயி காத்திருக்க வேண்டும். அங்கே ஆலை செய்யும் வேலையை இங்கே விவசாயியே தம் வீட்டு முற்றத்தில் செய்துகொள்ளலாம்.

சால்மன் சொல்லும் பாடம்

கரியில் சுடுவதற்கு உலகெங்கும் பெயர் பெற்ற மீன் சால்மன். இது குளிர்ந்த நாடுகளின் மீன், நம் குளங்களில் வளராது. நம் கடற்கரைச் சந்தைகளில் இந்தியன் சால்மன் என்ற பெயரில் விற்கப்படுவது காலா மீன். அது நல்ல மீன்தான் என்றாலும் சால்மன் இனத்தைச் சேர்ந்தது அல்ல. பெயரைக் கேட்டு அதிக விலை கொடுப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

சால்மனுக்குப் பெரிய விலை கிடைப்பதைக் கண்டு, அந்த இனத்தின் சிறப்பே எல்லாம் என்று எண்ணிவிடக் கூடாது. நார்வே நாட்டில் 1970ஆம் ஆண்டு ஹித்ரா தீவில் மிதவைக் கூண்டுகளில் சால்மன் வளர்ப்பு தொடங்கியது. இன்று அந்நாடு ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வளர்ப்பு சால்மனை உற்பத்தி செய்கிறது. அங்கே அறுவடைக்குச் சில நாட்கள் முன்பே தீனி நிறுத்தப்படுகிறது. மீனைத் துடிக்க விடாமல் மயக்கி, செவுளை வெட்டி இரத்தத்தை வடித்து, குளிர்ந்த நீரில் இட்டு, குடலை நீக்கி, ஐஸில் அடுக்குகின்றனர். நீரிலிருந்து எடுத்த நேரம் முதல் நெருப்பில் வைக்கும் நேரம் வரை அந்த மீன் குளிர்ச்சியை விட்டு விலகுவதில்லை. விலையில் ஒரு பங்கு மீனுக்கு, ஒரு பங்கு இந்தப் பக்குவத்துக்கு.

அந்த நார்வே நாட்டோடு நமக்குப் பழைய தொடர்பும் உண்டு. 1952இல் கையெழுத்தாகி 1953இல் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய நார்வே திட்டம், இயந்திரப் படகுகளோடு ஐஸ் ஆலையையும் கேரளக் கடற்கரைக்குக் கொண்டுவந்தது. கடற்கரையில் ஐஸ் இல்லாமல் மீன் தொழில் இல்லை என்ற நிலை இன்று வந்துவிட்டது. குட்டைக் கரையில் மட்டும் இன்னும் வரவில்லை. வலையில் விழுந்த கட்லாவும் ரோகும் தார்ப்பாயில் கொட்டப்பட்டு, எடை போடும்வரை வெயிலில் கிடக்கின்றன. "உயிர் மீன்தானே, இப்போதுதானே பிடித்தோம்" என்பதே பலரும் சொல்லும் சமாதானம். உயிர் போன நிமிடத்திலிருந்தே மீன் கெடத் தொடங்குகிறது என்பதே உண்மை.

மண்வாடை எங்கிருந்து வருகிறது?

குளத்து மீன் என்றாலே மண்வாடை அடிக்கும் என்று சொல்லி ஒதுக்குபவர் பலர். இந்த வாடை மீனின் பிறவிக் குணம் அல்ல. நீரிலும் சேற்றிலும் வளரும் சிலவகை நீலப்பச்சைப் பாசிகளும் நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. முதல் மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் மணத்துக்கும் காரணம் இதே பொருள்தான். மண்ணில் இனிக்கும் அந்த மணம் மீனில் கசக்கிறது. மீன் இதைச் செவுள் வழியாகச் சில மணி நேரத்திலேயே உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் வெளியேற்றப் பல நாட்கள் ஆகும். கொழுப்பு மிகுந்த மீனில் இன்னும் தாமதமாகும்.

தேவைக்கு மேல் சாணமும் கோழி எருவும் கொட்டுவது, மீன் தின்னாமல் மிஞ்சும் தீனி அடியில் அழுகுவது, நீர் மாற்றாமல் விடுவது ஆகியவை இந்தப் பாசிகள் பெருகக் காரணங்கள். நீரின் மேல் பச்சைச் சாயம் கரைத்தது போன்ற படலம் மிதந்தால் எருவையும் தீனியையும் உடனே குறைக்க வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது மீன் தீனிக்கும் பொருந்தும்.

வாடை ஏறிவிட்ட மீனையும் மீட்கலாம். விற்கப்போகும் மீனைப் பிடித்து, சுத்தமான நீர் ஓடும் தொட்டியில் தீனி இல்லாமல் இரண்டு மூன்று நாட்கள் வைத்தால் வாடை குறையும். வாடை கடுமையாக இருந்தால் ஒரு வாரம்கூடத் தேவைப்படலாம். அதே குட்டையில் ஹாப்பா வலை கட்டி அதில் மீனை அடைத்து வைப்பதால் பயன் இல்லை. நீர் அதே நீர்தானே.

கிணறோ ஆழ்துளைக் கிணறோ உள்ளவர்கள் பாசனத் தொட்டியையே இதற்குப் பயன்படுத்தலாம். தொட்டியில் விழும் நீர் மீனைக் கழுவிவிட்டு வாய்க்கால் வழியே வயலுக்குப் போய்விடும். ஒரு சொட்டு நீரும் வீணாவதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரில் உயிர்வளி குறைவாக இருக்கும், எனவே குழாயை உயர்த்திக் கட்டி நீர் சிதறி விழும்படி செய்ய வேண்டும். தொட்டிக்கு மேல் கீற்று நிழல் வேண்டும். மீனை நெருக்கி அடைக்கக் கூடாது. பூச்சிமருந்து கலக்கப் பயன்பட்ட தொட்டியை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

அறுவடை நாளில் கவனிக்க வேண்டியவை

வலை இழுப்பதற்கு ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்திவிட வேண்டும். வயிறு நிறைந்த மீன் செத்ததும் அதன் செரிமானச் சாறுகளே குடலையும் வயிற்றுச் சதையையும் அரிக்கத் தொடங்கும். வயிறு காலியான மீன் நெடுநேரம் தாங்கும். தீனிச் செலவும் ஒரு நாள் மிச்சம்.

வலையை விடியற்காலையில் இழுக்க வேண்டும். மீன் நெடுநேரம் வலையில் துடித்தால் சதை சீக்கிரம் விறைத்துச் சீக்கிரம் தளர்ந்துவிடும். பிடித்த மீனைத் தரையில் எறிவது, குவித்து மிதிப்பது, சாக்கில் திணிப்பது கூடாது. அடிபட்ட இடமே முதலில் கெடும். கையோடு சுத்தமான நீரில் சேறு போகக் கழுவி, ஐஸும் நீரும் கலந்த தொட்டியில் இடவேண்டும். அதிலேயே மீன் விரைவில் அடங்கி, உடலும் குளிர்ந்துவிடும்.

ஐஸ் வாங்குவது வீண் செலவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 30 டிகிரி செண்டிகிரேடு வெப்பத்தில் உள்ள 10 கிலோ மீனை 0 டிகிரிக்குக் குளிர்விக்க 3 கிலோவுக்குச் சற்று அதிகமான ஐஸ் போதும். ஆனால் வெளிச்சூடு உள்ளே புகுந்து ஐஸைக் கரைத்துக்கொண்டே இருக்கும். எனவேதான் நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது பொதுவான பரிந்துரை. சூடு புகாத நல்ல பெட்டி இருந்தால், குறைந்த தூரத்துக்கு இரண்டு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வைத்தும் சமாளிக்கலாம். பெட்டியின் அடியில் ஒரு அடுக்கு ஐஸ், அதன்மேல் மீன், மறுபடி ஐஸ் என்று மாற்றி மாற்றி அடுக்கி, மேலே ஐஸால் மூட வேண்டும். கரைந்த நீர் வடிய அடியில் துளை இருக்க வேண்டும். ஐஸ் குடிநீரில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். சாக்குப் பையில் சுற்றி மண்ணில் உருட்டிக் கொண்டுவந்த ஐஸ் கட்டி, மீனுக்குக் குளிர்ச்சியோடு கிருமியையும் சேர்த்தே தரும்.

இவ்வாறு பக்குவமாக ஐஸில் வைத்த கெண்டை மீன் ஒரு வாரத்துக்கு மேலும் உண்ணத் தக்கதாக இருக்கும். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அரை நாள்கூடத் தாங்காது.

நல்ல மீனை அறியும் வழி

மீனை விற்கும் விவசாயி சந்தையில் மீன் வாங்குபவரும்கூட. நல்ல மீனின் இலக்கணம் இருவருக்கும் ஒன்றே.

செவுள்: மூடியைத் தூக்கிப் பார்த்தால் பளிச்சென்ற சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். பழுப்பாகவோ வெளுத்தோ கொழகொழவென்றோ இருந்தால் பழைய மீன்.

கண்: உப்பலாகவும் தெளிவாகவும், நடுவில் கருமணி பளபளப்பாகவும் இருக்க வேண்டும். குழி விழுந்து மங்கிய கண் பழைய மீனின் அடையாளம். ஐஸில் நேரடியாக உரசிய மீனின் கண் சற்று மங்குவது உண்டு. அத்தகைய மீனில் கண்ணை மட்டும் நம்பாமல் செவுளையும் சதையையும் பார்க்க வேண்டும்.

சதை: விரலால் அழுத்திவிட்டு எடுத்ததும் குழி மறைய வேண்டும். குழி அப்படியே நின்றால் வாங்கக் கூடாது.

வயிறு: இறுக்கமாக இருக்க வேண்டும். உப்பியோ வெடித்தோ நிறம் மாறியோ இருக்கக் கூடாது.

செதிளும் தோலும்: செதிள் உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். தோலில் மினுமினுப்பு வேண்டும்.

மணம்: கடல் மீனில் கடற்பாசியின் மணமும், குளத்து மீனில் பச்சைப் புல்லைப் போன்ற மெல்லிய மணமும் இருக்கும். புளித்த வாடையோ மூக்கைத் துளைக்கும் நெடியோ இருந்தால் விலக வேண்டும்.

துண்டாக வெட்டி விற்கும் மீனில் நிறத்தைக் கண்டு ஏமாறக் கூடாது. வளர்ப்பு சால்மனின் செந்நிறம்கூடத் தீனியில் சேர்க்கும் நிறமிப் பொருளால் வருவதுதான். நிறம் இனத்தைக் காட்டுமே தவிர, புதுமையைக் காட்டாது. துண்டின் சதை வரிகள் ஒன்றோடொன்று ஒட்டி இருக்க வேண்டும். வரி பிரிந்து நீர் தேங்கியிருந்தால் அது நாள்பட்ட மீன்.

மீன் கெடாமல் இருக்க ஃபார்மலின் தடவும் தீய பழக்கமும் உண்டு. இது சவக்கிடங்கில் பயன்படும் மருந்து. மீனில் சேர்ப்பது சட்டப்படி குற்றம். 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீனை ஆயிரக்கணக்கான கிலோ அளவில் பிடித்தது. கொச்சியிலுள்ள மத்திய மீன் தொழில்நுட்ப நிலையம் இதைச் சில நிமிடங்களில் கண்டறியும் எளிய காகிதச் சோதனையை உருவாக்கியுள்ளது. இப்படிப்பட்ட செய்திகள் வரும்போதெல்லாம் மக்கள் உயிர் மீனையும் உள்ளூர் மீனையும் தேடி வருகின்றனர். குட்டைக் கரையில் கண் முன்னே பிடித்துக் கொடுக்கும் விவசாயிக்கு இது ஒரு நல்ல வாய்ப்பு. மண்வாடை அடிக்கும் மீனைக் கொடுத்து அந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

கரியில் சுடும் முறை

வலை இழுக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்பும், பிறகு முதல் நாளும் சுட்டுப் பார்க்க வேண்டும். குட்டையின் இரண்டு மூன்று இடங்களிலிருந்து, அரைக் கிலோ முதல் முக்கால் கிலோ வரை எடையுள்ள மீன்களை எடுக்கலாம். குடலையும் செவுளையும் நீக்கிக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் மீன் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். சோதனைக்கு உப்பும் சிறிது எண்ணெயும் மட்டுமே. மசாலா கூடாது.

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேலை மூட்டம் போட்டு எடுக்கும் கரி இதற்கு ஏற்றது. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் நன்று. வர்ணம் பூசிய மரத்தையும் மண்ணெண்ணெயையும் பயன்படுத்தக் கூடாது. கரி பற்றியதும் அவசரப்பட்டு மீனை வைக்கக் கூடாது. தணல் மேல் சாம்பல் பூத்து, புகையும் சுவாலையும் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். கம்பி இருக்கும் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணினால், நான்கைந்து எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொள்ளத் தோன்ற வேண்டும். அதுவே சரியான சூடு.

கம்பியை முதலில் சூடாக்கி எண்ணெய் தடவிய பிறகே மீனை வைக்க வேண்டும். வைத்தபின் ஆறேழு நிமிடம் தொடக்கூடாது. தோல் வெந்ததும் மீன் தானாகவே கம்பியை விட்டுக் கழன்று வரும். வராவிட்டால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று பொருள். ஒருமுறை மட்டும் திருப்பினால் போதும். முழு மீனுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 நிமிடம் ஆகும். ஓர் அங்குலத் தடிப்புள்ள துண்டுக்கு, சால்மனானாலும் கட்லாவானாலும், மொத்தம் 10 நிமிடம் என்பது ஒரு நல்ல கணக்கு. முதுகெலும்பு அருகே சதையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி போன்ற தோற்றம் மாறி, எலும்பை விட்டுச் சதை கழன்று வந்தால் வெந்துவிட்டது. குளத்து மீனில் ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும் ஆதலால் அரைவேக்காட்டில் தின்னக் கூடாது.

சூடாகப் பிளந்ததும் முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். பின்னர் வயிற்றுப் பக்கச் சதையைச் சுவைக்க வேண்டும். கொழுப்பு மிகுந்த அந்த இடத்தில்தான் வாடை அதிகம் தங்கும். வெற்றிலை பாக்கு போடுபவரும் புகை பிடிப்பவரும் இதற்கு உதவமாட்டார்கள். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இரண்டு மூன்று பேர் தனித்தனியே தின்று சொல்லட்டும். ஒருவர் முகம் சுளித்தாலும் அறுவடையைத் தள்ளிப்போடுவதே அறிவுடைமை.

சோதனையில் தேறிய மீனை விருந்தாகச் சுடும்போது மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மிளகு, உப்பு, நல்லெண்ணெய், எலுமிச்சைச் சாறு கலந்து தடவி அரை மணி நேரம் ஊறவிடலாம். வளர்ப்பு சால்மனில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கொழுப்பு உண்டு. அதனால் தணலில் உலர்வதில்லை. ரோகு, மிருகால் போன்றவற்றில் கொழுப்பு பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. ஆகவே எண்ணெய் தாராளமாகத் தடவி, வேண்டுமானால் வாட்டிய வாழையிலையில் சுற்றிச் சுடவேண்டும். கெண்டை இனங்களின் சதைக்குள் கவட்டை வடிவ நுண்முட்கள் இருப்பதால், இருபுறமும் அரை விரற்கடை இடைவெளியில் நெருக்கமாகக் கீறிவிட்டால் முட்கள் துண்டாகி மென்மையாகும். சதைக்குள் நுண்முள் இல்லாத கொடுவாவும் ஜிலேபியும் சுடுவதற்கு இன்னும் எளிது. மரபு மேம்படுத்திய கிஃப்ட் திலேப்பியா வளர்க்க விரும்புவோர் மீன்வளத் துறையிடம் அனுமதி பெற்ற பிறகே வளர்க்க வேண்டும்.

பித்தப்பை பற்றி ஓர் எச்சரிக்கை. குடல் நீக்கும்போது பச்சை நிறப் பித்தப்பை உடைந்தால் மீன் கசந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. நோய் தீரும் என்று நம்பி ரோகு, புல் கெண்டை முதலியவற்றின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்குபவர்கள் உண்டு. அதிலுள்ள நஞ்சு வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கி, சில நாட்களில் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். சமைத்தாலும் அந்த நஞ்சு முழுதும் நீங்காது. பித்தப்பையை முழுதாக எடுத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் புதைத்துவிட வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

"வியாபாரி எல்லா மீனுக்கும் ஒரே விலைதானே தருகிறார், நாம் ஏன் ஐஸ் வாங்க வேண்டும், தொட்டியில் வைக்க வேண்டும்?" என்று விவசாயிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எடையையும் பருமனையும் பார்த்து விலை பேசும் வியாபாரி சுவைக்கு விலை தருவதில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற நிலை வந்துவிடக் கூடாது என்ற அச்சம் இயல்பே. அதனால் எல்லா மீனையும் ஒரே நாளில் பிடித்து ஒரே வியாபாரிக்குக் கொடுக்கும் வழக்கத்தையே முதலில் மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறை வளர்ந்த மீனை மட்டும் பிடித்து, தொட்டியில் வைத்து, குட்டைக் கரையிலும் உள்ளூர்ச் சந்தையிலும் சுட்ட மீன் விற்கும் உணவகங்களிலும் நேரடியாகக் கொடுத்தால் சுவைக்கு விலை பேச முடியும். முதலில் வருபவருக்கு ஒரு துண்டு சுட்டுக் கொடுப்பதைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை.

தனியொருவரால் ஐஸ் பெட்டியும் எடைக் கருவியும் வாங்க இயலாது என்பது உண்மைதான். ஐந்தாறு குட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு, முறை வைத்து அறுவடை செய்யலாம். 2020ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் ஐஸ் பெட்டியுடன் கூடிய மோட்டார் சைக்கிள், மூன்று சக்கர வண்டி ஆகியவற்றுக்கு மானியம் இடம்பெற்றது. இப்போது எந்தெந்த உதவிகள் கிடைக்கின்றன என்பதை மாவட்ட மீன்வள அலுவலகத்தில் கேட்டு அறிய வேண்டும்.

பொறுப்பு விவசாயியோடு முடிவதில்லை. பண்ணைக் குட்டை வெட்ட உதவுவதும், மீன் குஞ்சு வழங்குவதும், விளைந்த எடையைக் கணக்கெடுப்பதும் மட்டுமே விரிவாக்கப் பணி என்ற எண்ணம் மாற வேண்டும். ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்று கேட்கும் அலுவலர்கள், அந்த மீன் எப்படிச் சுவைத்தது என்றும் கேட்கத் தொடங்க வேண்டும். பயிற்சி முகாம்களில் மீன் குஞ்சு விடுவதைச் செய்து காட்டுவதுபோல் சுட்டுப் பார்ப்பதையும் செய்து காட்ட வேண்டும். கிராமங்களுக்கு அருகே சிறு ஐஸ் ஆலைகள் அமைய வழி செய்ய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. பெரிய மீனையெல்லாம் விற்றுவிட்டு, அடிபட்டதையும் கழிவானதையும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதே பல சிறு விவசாயிகளின் வழக்கம். பால் விற்பவர் வீட்டுப் பிள்ளைக்குப் பாலில்லை என்பதுபோல், மீன் வளர்ப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு நல்ல மீன் கிடைப்பதில்லை. சோதனைக்காகச் சுடும் அந்த இரண்டு மூன்று மீன்களாவது முதல் தரமான மீன்களாக இருக்கட்டும். பத்து மாதம் பாடுபட்ட குடும்பம் தன் உழைப்பின் உண்மையான சுவையை அறிந்தால், அடுத்த ஆண்டு எருவை எவ்வளவு இடுவது, நீரை எப்போது மாற்றுவது, ஐஸுக்குச் செலவிடலாமா என்ற கேள்விகளுக்கு வேறு யாரிடமும் விடை கேட்க வேண்டியிராது.